பாட்டில் வெளியே தொங்குது, உள்ளே ஒண்ணும் போகலை: ரிசர்வாயர் ஷாக் மாட்டப் போறவங்க கவனத்துக்கு

கோவைப் பக்கம் ஜிப்சி, தார், ஜிம்னி வைத்திருப்பவர்கள் யாராவது ‘ரிமோட் ரிசர்வாயர் ஷாக்’ (எண்ணெய்க்கும் வாயுவுக்கும் வெளியே தனி பாட்டில் வைத்த ஷாக் அப்சார்பர்) மாட்ட அட்வான்ஸ் கொடுத்திருந்தால், பாக்கிப் பணத்தை அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்தது நாலு வீலுக்குமாக 72,000 ரூபாய். கடைப் பெயரை எழுதவில்லை. புகார் போகப் போகிறது, அதற்குள் பெயரைப் போட்டு நீயே வம்பில் மாட்டிக்கொள்ளாதே என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். கமெண்டில் கேட்காதீர்கள்.

வண்டி 2011 ஜிப்சி. நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங், அதாவது லாரி மாதிரி அடுக்கிய பட்டை ஸ்பிரிங். பின்னால் உட்கார்ந்தவர்கள் ஒருமுறைக்கு மேல் வரமாட்டார்கள். மாமனார் ஊர் வால்பாறை என்பதால் மாதம் ஒரு தடவையாவது மேலே போயாக வேண்டும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு வரைக்கும் பிரச்சினை இல்லை. அதற்கப்புறம் எஸ்டேட்டுக்குள் ஏழெட்டு கிலோமீட்டர் கல் ரோடு. அதில் அரை மணி நேரம் ஓட்டினால் ஷாக் அப்சார்பரைக் கையால் தொட முடியாது, வண்டியும் கன்றுக்குட்டி மாதிரி துள்ள ஆரம்பிக்கும். இந்த வியாதிக்குத்தான் மருந்து தேடிப் போனேன்.

கடைக்காரத் தம்பி நன்றாகப் பேசினார். இன்றைக்கு யோசித்துப் பார்த்தாலும் அவர் சொன்ன தியரியில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

ஷாக்குக்குள் எண்ணெய் இருக்கிறது, அதில் சின்னச் சின்ன துளை போட்ட பிஸ்டன் ஏறி இறங்குகிறது. எண்ணெய் அந்தத் துளைகள் வழியே பிதுங்கும்போதுதான் குலுக்கல் சூடாக மாறி அடங்குகிறது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் கம்பி, அதாவது ராடு, உள்ளே நுழையும்போது அது பிடிக்கும் இடத்துக்குச் சமமான எண்ணெய் எங்கேயாவது ஒதுங்கியாக வேண்டும். 16 மி.மீ. ராடு 20 செ.மீ. உள்ளே போனால் கிட்டத்தட்ட 40 சிசி. எண்ணெயை அமுக்க முடியாது, ஆகவே அமுங்கக்கூடிய வாயு கொஞ்சம் உள்ளே இருக்க வேண்டும். நம் வண்டிகளோடு வரும் சாதாரண ஷாக்கில் குழாய்க்குள் குழாய். இரண்டுக்கும் நடுவில் கீழே எண்ணெய், மேலே வாயு, குறுக்கே தடுப்பு கிடையாது. கல் ரோட்டில் விடாமல் குலுக்கினால் இரண்டும் கலந்து மோர் கடைந்த மாதிரி நுரைத்துவிடும். நுரைக்குள் பிஸ்டன் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கும். வண்டி துள்ளுவது அதனால்தான்.

பூர்சியே டி கார்பன் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு வழி கண்டார். ஒரே குழாய், எண்ணெய்க்கும் வாயுவுக்கும் நடுவே தானாக நகரும் இன்னொரு பிஸ்டன், அதற்குப் பின்னால் அழுத்தி அடைத்த வாயு. 1957-இல் பில்ஸ்டைன் கம்பெனி மெர்சிடிஸ் கார்களுக்கு இதைச் செய்து கொடுத்தது. வெளியே தொங்கும் பாட்டில் இதே சங்கதிதான். நகரும் பிஸ்டனையும் நைட்ரஜனையும் தனி பாட்டிலுக்கு மாற்றி, ஹோஸ் வழியாக எண்ணெயை இணைத்துவிடுகிறார்கள். ஷாக்குக்குள் அந்த இடம் மிச்சமாவதால் ராடு இன்னும் அதிகம் ஓடலாம். எண்ணெயும் கூடுதல், சூடு ஏறவும் நேரம் பிடிக்கும். நைட்ரஜன் பெரும்பாலும் 150-லிருந்து 200 பிஎஸ்ஐ வரை.

இவ்வளவும் தெரிந்தவர் என்னை ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. நைட்ரஜன் எங்கே ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் ஏத்தித்தான் ப்ரோ வருது, நீங்க டென்ஷன் ஆகாதீங்க.” வண்டியை மூன்று நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். வெள்ளைத் தாளில் எஸ்டிமேட், ‘ரிசர்வாயர் ஷாக் 4’ என்று ஒரே வரி. வண்டியை எடுக்கும்போது பழைய ஷாக்குகளைக் கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் வீல் ஆர்ச்சுக்குள் நீல பாட்டில், வெள்ளி வலை போட்ட ஹோஸ், சிவப்பு நட்டு என்று பளபளவென்று இருந்ததில் மயங்கிவிட்டேன். முதல் வாரம் அவிநாசி ரோட்டில் ஓட்டிவிட்டு, சும்மா மிதக்குது என்று நாலு பேரிடம் வேறு சொன்னேன். காசு கொடுத்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

அடுத்த மாதம் மலையேறினோம். எஸ்டேட் ரோட்டில் பத்தாவது நிமிடமே பழைய துள்ளல். மறுநாள் காலையில் பார்த்தால் பின்பக்க இடது டயரின் உள்பக்கம் முழுக்க எண்ணெய். இறங்கும்போது வளைவுகளில் பின்பக்கம் நகர்ந்து நகர்ந்து போனது. வண்டியில் மனைவியும் ஏழு வயதுப் பையனும். இரண்டாவது கியரைவிட்டு மாற்றாமல் இறங்கி ஆழியாறு வந்து சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது.

கடைக்குப் போனேன். முதலில் “செட் ஆகணும் ப்ரோ, ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்” என்றார். அப்புறம் லோடு ஜாஸ்தி என்றார். மூன்றாவது தடவை, “மலைக்கெல்லாம் கொண்டு போனா எப்படி நிக்கும்?” சீல் மாற்றி எண்ணெய் ரொப்ப ஒரு ஷாக்குக்கு 3,500 கேட்டார். நாலாவது தடவை போன் எடுக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். கிணத்துக்கடவு பக்கத்துக் குவாரிகளுக்குப் பாறை உடைக்கும் பிரேக்கர் சர்வீஸ் பார்ப்பவர். அந்த பிரேக்கருக்கும் நைட்ரஜன் ஏற்ற வேண்டும், அதனால் சிலிண்டர், ரெகுலேட்டர், கேஜ் எல்லாம் கைவசம் உண்டு. “நாலையும் கழட்டிட்டு வா கண்ணு” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஷெட்டில் வைத்துப் பார்த்தோம்.

முதல் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். ராடை உள்ளே அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். அது அங்கேயே நின்றது. 16 மி.மீ. ராடில் 200 பிஎஸ்ஐ இருந்தால் 28 கிலோ அளவுக்கு வெளியே தள்ளும், அழுத்தவே சிரமப்பட வேண்டும் என்றார். நாலும் அப்படியே கிடந்தன. பாட்டில் வால்வில் கேஜ் வைத்தார், முன்பக்கம் இரண்டும் பூஜ்யம். பின்பக்கம் வலதில் கொஞ்சம் காற்று இருந்தது, ஊசியை அழுத்தியதும் காற்றோடு சேர்ந்து கறுப்பு எண்ணெய் அவர் முகத்தில் தெறித்தது. நைட்ரஜனும் எண்ணெயும் பிரிந்திருந்தால் வால்வில் எண்ணெய் வரவே கூடாது. (வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். நிஜமாகவே அழுத்தம் ஏற்றியதாக இருந்தால் கண் போய்விடும்.)

பிறகு முன்பக்க ஹோஸைக் கழற்றினார். சிவப்பு நட்டு வெறும் அலுமினியத் தொப்பி. அதை நகர்த்தினால் உள்ளே பத்து ரூபாய் கிளிப். வலைக்குள் சாதாரண பெட்ரோல் டியூப். பிரஸ் போட்டு கிரிம்ப் பண்ணவே இல்லை, அதாவது முனையை நசுக்கி இறுக்கவே இல்லை. டியூப் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு நிப்பிள், அது ஷாக்கின் மேல் பற்றவைத்த கட்டையில் திருகியிருந்தது. கட்டையில் துளை இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்த்தார். அரை அங்குலத்தில் முட்டி நின்றது. அதாவது ஷாக்குக்கும் பாட்டிலுக்கும் சம்பந்தமே இல்லை. பாட்டிலை ஹாக்ஸா பிளேடால் அறுத்தோம். வெறும் குழாய்த் துண்டு, உள்சுவர் கடைந்ததுகூட இல்லை. பிஸ்டனும் இல்லை, சீலும் இல்லை.

பின்பக்கம் இரண்டும் அதைவிட மோசம். அங்கே நிஜமாகவே வெளிக்குழாயில் துளை போட்டு ஹோஸ் இணைத்திருந்தார்கள். எண்ணெய் ஏற்கெனவே வந்து தங்கும் அறைதான் அது. அதற்கு இன்னொரு பாட்டிலைச் சேர்த்து, கம்ப்ரஸர் காற்றை எண்ணெயின் தலையிலேயே அடித்திருக்கிறார்கள். நுரைக்காமல் என்ன செய்யும்? அவ்வளவு அழுத்தத்துக்குச் செய்யாத ராடு சீல் பிய்த்துக்கொண்டு கசிந்துவிட்டது.

அண்ணன் தின்னர் தொட்டு கறுப்பு பெயிண்டைத் துடைத்தார். கீழ்ப்புஷ் பக்கத்தில் இரண்டு பஞ்ச் புள்ளி. போன வருஷம் புஷ் மாற்றியபோது என் மெக்கானிக் அடையாளத்துக்கு வைத்தது. ஸ்கிராப்புக்குப் போனதாகச் சொன்ன என் சொந்த ஷாக் அப்சார்பர்கள்தான். அவற்றையே பெயிண்ட் அடித்து எனக்கு 72,000-க்கு விற்றிருக்கிறார்.

மாட்டத்தான் போகிறேன் என்பவர்கள் மாட்டுவதற்கு முன் ஷாக்கைக் கையில் வாங்கி ராடை அழுத்திப் பாருங்கள். நைட்ரஜன் என்று சொன்னால் சிலிண்டரையும் கேஜையும் காட்டச் சொல்லி, உங்கள் கண் முன்னால் ஏற்றச் சொல்லுங்கள். ஹோஸின் இரண்டு முனையிலும் பிரஸ்ஸில் நசுக்கிய தடமோ திருகி இறுக்கும் சரியான ஃபிட்டிங்கோ இருக்க வேண்டும், தொப்பியைத் தள்ளிப் பாருங்கள். சீலும் எண்ணெயும் தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் யார் செய்வார் என்று கேளுங்கள். பழைய ஷாக்கைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். வண்டியில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்வதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதையும், இன்சூரன்ஸ்காரர் விபத்துக்குப் பிறகுதான் அதை எடுத்துக் காட்டுவார் என்பதையும் மனதில் வையுங்கள்.

எனக்கு இந்தச் சமாச்சாரமே தேவையில்லை, அளவு சரியான நல்ல கேஸ் ஷாக் நாலு போட்டு, கல் ரோட்டில் டயர் காற்றைக் குறைத்து மெதுவாகப் போ என்பது அண்ணனின் கருத்து. இப்போது அப்படித்தான் ஓடுகிறது. துள்ளல் கொஞ்சம் இருக்கிறது, பழகிக்கொண்டேன்.

கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போய்விட்டது, பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிந்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும். என்னிடம் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட், வெள்ளைத் தாள் எஸ்டிமேட், அறுத்த பாட்டில் ஒன்று, அறுக்காமல் வைத்த மூன்று. எல்லாம் சாக்குப் பையில் மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. வீட்டம்மா அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைக்கு என் வேலை.