ஜன்னலுக்கு மக்கு வைக்க வருபவரிடம் முதலில் பாக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள்

தக்கலைப் பக்கம் பழைய ஓட்டு வீடு எங்களுடையது. ஜன்னலெல்லாம் அயினித் தடி, அதாவது அயினிப்பலா மரம். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் மக்கு, அதாவது புட்டி, காய்ந்து அங்கங்கே உதிர்ந்து, சாரலடித்தால் வெள்ளம் (எங்கள் பக்கம் தண்ணீருக்கு அந்தப் பேர்தான்) உள்ளே இறங்கும். ஜூன் மழைக்கு முன்னால் அடைத்துவிடலாம் என்று ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டோம். பொருள் உட்பட ஜன்னலுக்கு 900 ரூபாய், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார்.

வந்தவர் துருத்தி நின்றதை மட்டும் தட்டிவிட்டு, ஒட்டியிருந்த பழைய புட்டியின் மேலேயே புதிதை அப்பினார். அதுவும் வெள்ளை சிமெண்ட் பொடியைத் தண்ணீரில் குழைத்து! "இது செவருக்கு உள்ளதுல்லா தம்பி?" என்று அம்மா கேட்டாள். "புட்டி எல்லாம் ஒண்ணுதாம்மா." அன்று சாயங்காலமே எனாமல் அடித்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். சீட்டு கிடையாது.

எல்லாம் ஒன்றல்ல. கண்ணாடி பதிக்க வேண்டியது சாக் பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த மக்கு. எண்ணெய்ப் பசை இருப்பதால் மரம் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும்போது அதுவும் கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும். சுவர் புட்டி கல்லாக இறுகிவிடும். மரம் அசைந்தால் விளிம்பில் வெடிக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்திலோ ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று. தடிக்கு ஓய்வே இல்லை. மயிரிழை வெடிப்பில் இறங்கிய வெள்ளம் பெயிண்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வெளியே பளபளப்பு, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அடிச்சட்டத்தில் வெண்ணெய் போல இறங்குகிறது.

போன் செய்தால், "தடி பழசு, நான் என்ன செய்ய?" இத்தனை காலம் தாங்கிய தடி, அவர் கைபட்ட ஒரே மழையில் பழசாகிவிட்டதாம்.

எண்ணெய் மக்கிலும் ஏய்ப்பு உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். பழையதைச் சுரண்டி எடுத்தபின் வெறும் மரத்துக்குப் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல் வைத்தால், மரம் எண்ணெயை உறிஞ்சிவிடும், மக்கு பொடியாக உதிரும். வைத்த மக்கு மேல்தோல் கட்டவே வாரக்கணக்கில் ஆகும், அதற்குப் பிறகுதான் பெயிண்ட். பெயிண்டும் கண்ணாடி மேல் ஒரு 2 மில்லிமீட்டர் ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடுக்கில் நீர் புகும். ஆகவே எண்ணெய் மக்கு வைத்து அன்றைக்கே பெயிண்டும் அடித்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம். பழையதைச் சுரண்டி முடித்ததை நேரில் பார்க்காமல் பாதிப் பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ஆனால் சீட்டு இருந்தால்தான் நிரூபிப்பது சுலபம், அதனால்தான் அவர் தரவில்லை போலும்.

இப்போது ஒரு வயசான ஆசாரி உளியால் அந்தக் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு அடிச்சட்டம் மாற்ற வேண்டும் என்கிறார். கூலி தனி, தடி விலை தனி.