ஹெடர் ஹேஷிங்: என்ஜின்எக்ஸா, ஹெச்ஏபிராக்ஸியா, என்வாயா?

இவை மூன்றும் வரும் ரிக்வெஸ்ட்டுகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் மென்பொருள்கள். பல நிறுவனங்களுக்கு ஒரே ஏபிஐ தருகிறீர்கள், ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவின் நகல்) வைத்திருக்கிறது என்றால், ஒரு நிறுவனத்தின் ரிக்வெஸ்ட் எல்லாம் ஒரே சர்வருக்குப் போவது பெரிய லாபம். சர்வர்களுக்கு முறைவைத்து மாற்றி மாற்றி அனுப்பும் ரவுண்ட் ராபினில் அது நடக்காது. ஹேஷ் என்பது ஒரு மதிப்பை எண்ணாக மாற்றி, அதை வைத்துச் சர்வரைத் தேர்ந்தெடுப்பது. என்ஜின்எக்ஸின் ஐபி ஹேஷோ, அனுப்புபவரின் ஐபிவி4 முகவரியின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே பார்க்கிறது. அந்த வரிசையில் வரும் 256 முகவரிகளும் ஒரே சர்வரின் தலையில் விழும். அதனால்தான் ரிக்வெஸ்ட்டோடு வாடிக்கையாளர் எண்ணைத் தாங்கி வரும் குறிப்பை, அதாவது ஹெடரை, ஹேஷ் செய்கிறோம்.

எந்த ஹெடர் என்பதில் கவனம் வேண்டும். எந்த பிரவுசர் அல்லது செயலி என்று சொல்லும் யூசர் ஏஜென்ட்டில் மதிப்புகள் குறைவு, சுமை சாய்ந்துவிடும். அனுமதிச் சீட்டு போன்ற டோக்கனைத் தாங்கி வரும் ஆத்தரைசேஷனில், டோக்கன் மாறினாலே சர்வரும் மாறும்.

அடுத்தது, சர்வர் கூடும்போது என்ன ஆகிறது என்பது. 4 சர்வர் 5 ஆனால், ஹேஷ் எண்ணைச் சர்வர் எண்ணிக்கையால் வகுத்து மீதி பார்க்கும் முறையில் சுமார் 80% வாடிக்கையாளர்கள் இடம் மாறுவார்கள். கேஷ் கிட்டத்தட்ட காலி, டேட்டாபேஸ் திணறும். சர்வர் கூடினாலும் குறைந்தாலும் முடிந்தவரை குறைவாகவே இடம் மாற்றும் கன்சிஸ்டென்ட் ஹேஷிங்கில் மாறுவது 20% அளவுதான். என்ஜின்எக்ஸிலும் ஹெச்ஏபிராக்ஸியிலும் இதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. என்வாயில் ரிங் ஹேஷ், மேக்லெவ் இரண்டுமே இந்த வகைதான். மேக்லெவ் வேகமாகத் தேடும், ஆனால் சர்வர் மாறும்போது ரிங் ஹேஷைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கலைக்கும்.

சரி, ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர் மட்டும் பாதி டிராஃபிக்கை அனுப்பினால்? எனக்கு இதுதான் தீர்மானிக்கும் கேள்வி. ஹெச்ஏபிராக்ஸியில் கன்சிஸ்டென்ட் முறையோடு ஹேஷ் பேலன்ஸ் ஃபேக்டரை 150 என்று வைத்தால், சராசரியைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டிய சர்வரை விட்டு அடுத்ததற்குத் தள்ளிவிடும். என்வாயிலும் இது உண்டு. என்ஜின்எக்ஸில் சர்வருக்கு இத்தனை இணைப்பு என்று நிலையான வரம்பு வைக்கலாம், அவ்வளவுதான். ஏற்கெனவே சர்வீஸ் மெஷ் (சர்வீஸ்களுக்கு இடையிலான டிராஃபிக்கை நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தால் என்வாய். இல்லாவிட்டால் நான் ஹெச்ஏபிராக்ஸி பக்கம்தான்.

ஹெடரே வராவிட்டால் ஹெச்ஏபிராக்ஸி ரவுண்ட் ராபினுக்குப் போகும், என்வாய் ஏதோ ஒரு சர்வரை எடுக்கும், இரண்டும் பரவாயில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் ஹெடரை அப்படியே நம்பாதீர்கள். ஒரே மதிப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பி ஒரு சர்வரை யார் வேண்டுமானாலும் முடக்கலாம். வாசலிலேயே அதை நீக்கி, சரிபார்த்த டோக்கனிலிருந்து எடுத்த எண்ணைப் போட்டு உள்ளே அனுப்புங்கள்.