சிறுநீர்த் தொற்று: எல்லாப் பிள்ளைகளையும் சோதிப்பதா, தொந்தரவு வந்தவர்களை மட்டுமா?

பள்ளியில் ஆளுக்கொரு சிறு டப்பா கொடுத்து எல்லோருடைய சிறுநீரையும் சோதிப்பது ஒரு வழி. எரிச்சல், காய்ச்சல், பழக்கம் விட்டுப்போன பிறகு மறுபடி படுக்கை நனைதல் என்று ஏதாவது வந்த பிள்ளையை மட்டும் சோதிப்பது இன்னொன்று.

முதலாவது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சோதித்தால் சிறுமிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேரிடம் தொந்தரவே இல்லாமல் கிருமி தென்படும். பையன்களில் மிகக் குறைவு. சரி, கண்டுபிடித்தாயிற்று, அப்புறம்? பிரிட்டனில் கார்டிஃப்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக் குழு இத்தகைய சிறுமிகளை நான்கு ஆண்டுகள் கவனித்து 1978இல் முடிவை வெளியிட்டது. மருந்து கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் இருவரின் சிறுநீரக வளர்ச்சியிலும் தழும்பிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மருந்தால் போன கிருமி பலருக்குத் திரும்பவும் வந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிச்சம்.

சோதனையிலும் வம்பு உண்டு. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையில், கிருமி உண்டாக்கும் நைட்ரைட் என்ற பொருளைக் காட்டும் நிறம் மாற, சிறுநீர் சிறுநீர்ப்பையில் சுமார் 4 மணி நேரமாவது தங்க வேண்டும். இடைவேளையில் போய்விட்டு வந்த பிள்ளை தப்பிவிடும். முதலில் வரும் நீரை டப்பாவில் பிடித்தால் தோல் கிருமியும் கலந்து, இல்லாத தொற்று இருப்பதாகத் தெரியும். வீட்டில் தூக்கம் போய்விடும்.

இரண்டாவது வழியின் குறை, சின்னப் பிள்ளை வலியைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்பது. ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் 2019 வழிகாட்டலில் குழந்தைகளுக்கு அறிகுறியில்லாமல் இந்தச் சோதனை வேண்டாம் என்றே சொல்கிறது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளையின் விஷயத்தை மருத்துவர் தனியாகப் பார்க்க வேண்டும்.