லால்பாக்கா கப்பன் பார்க்கா, ஒரு ரவுண்டு வாக்கிங்குக்கு எது தேவலாம்?

பெங்களூர்ல ஏரியாவுக்கு ஏரியா குட்டி குட்டி பார்க் இருக்கு, ஆனா அதுல பத்து ரவுண்டு அடிக்கறதுக்குள்ள போரடிச்சிரும். ஒரே சுத்துல ஒரு மணி நேரம் நடக்கணும், ஏத்த எறக்கம் ஜாஸ்தி இருக்கக் கூடாது, கிளம்பின எடத்துக்கே வந்து சேரணும்னா சிட்டி நடுவுல எனக்குத் தெரிஞ்சு ரெண்டு தான். லால்பாக், கப்பன் பார்க். ரெண்டுக்கும் மாத்தி மாத்தி போறவன்ங்கற முறைல சொல்றேன், சுத்தி வர்றதுக்குனு கேட்டா என் ஓட்டு லால்பாக்குக்கு தான், ஆனா அதுலயும் சில ஆனா இருக்கு.

ஏன் லால்பாக்? மொத்தம் 240 ஏக்கர், சுத்தியும் காம்பவுண்டு, நாலு கேட், உள்ள ரோடு எதுவும் குறுக்க போகாது. 1760ல ஹைதர் அலி ஆரம்பிச்சு அப்புறம் திப்பு பெருசாக்கின தோட்டம், அதாவது மொதல்லேர்ந்தே தோட்டமா வளந்த எடம். அதனால காம்பவுண்டை ஒட்டினாப்புல நடந்தாலே ரவுண்டு தானா முடிஞ்சிரும், வழி தப்ப வாய்ப்பே இல்ல. எந்தப் பக்கமா வளையறீங்கங்கறத பொறுத்து மூணு நாலு கிலோமீட்டர் வரும். கப்பன் பார்க் கதை வேற. 1870ல மைசூர் ராஜ்யத்தோட சீஃப் இன்ஜினியரா இருந்த ரிச்சர்ட் சாங்கி போட்டது, அப்ப 100 ஏக்கர், இப்ப கணக்குல 300 ஏக்கர்ங்கறாங்க. ஆனா அந்த ஏக்கருக்குள்ள லைப்ரரி இருக்கு, ஹைகோர்ட் இருக்கு, டென்னிஸ் ஸ்டேடியம், கிளப்பு, சின்னப் பசங்களுக்கான பால பவன் எல்லாம் இருக்கு, நடுவுல ரோடு வேற. ஞாயித்துக்கிழமைல உள்ள வண்டிய விட மாட்டாங்க, அன்னைக்கு சொர்க்கம். மத்த நாள்ல கொஞ்சம் லேட்டா போனா ரெண்டு பக்கமும் பாத்து தான் ரோட்டத் தாண்டணும், ஹட்சன் சர்க்கிள் பக்கம் வந்தா மரத்துக்கு நடுவுல ஹாரன் சத்தம் தான் கேக்கும். ரவுண்டு அங்க தானா அமையாது, நாமளா போட்டுக்கணும்.

நான் போடறது இது. கப்பன் பார்க் மெட்ரோல இறங்கி, விக்டோரியா மகாராணி சிலை, அப்படியே உள்ள வந்து செவப்பு கலர் சென்ட்ரல் லைப்ரரி, பேண்ட் ஸ்டாண்டு, ஹைகோர்ட்டோட பின்பக்கம், அங்கேர்ந்து மூங்கில் புதர் வழியா திரும்பறது. அந்த மூங்கில் கிட்ட மட்டும் கொஞ்சம் நில்லுங்க, காத்து அடிச்சா ஒண்ணோட ஒண்ணு ஒரசி கதவு திறக்கற மாதிரி கிறீச்னு ஒரு சத்தம் வரும். கைக்கு எட்டற ஒயரம் வரைக்கும் எல்லா மூங்கில்லயும் ஹார்ட் போட்டு பேர் செதுக்கி வெச்சிருக்காங்க நம்ம காதல் மன்னர்கள், அதையும் படிச்சுக்கிட்டே போலாம்.

லால்பாக்ல பாக்கறதுக்கு இத விட ஜாஸ்தி. டபுள் ரோடு கேட் பக்கம் ஒரு பெரிய மொட்டப் பாறை, மேல கெம்பேகவுடா கோபுரம். அந்தப் பாறைக்கு வயசு சுமார் 300 கோடி வருஷம்னு சொல்றாங்க, தேசிய புவியியல் சின்னம்னு போர்டே இருக்கு, அது மேல தான் நம்ம மாமாக்கள் காலைல சூர்ய நமஸ்காரம் பண்ணிட்டு இருப்பாங்க. ரவுண்டுல ஏத்தம்னு சொல்லிக்கற மாதிரி இருக்கறது இது ஒண்ணு தான், முட்டி வலி இருக்கறவங்க கீழயே சுத்திட்டுப் போயிரலாம், மழை பேஞ்ச மறுநாள் யாருமே ஏறாதீங்க வழுக்கும். அப்புறம் கண்ணாடி மாளிகை, 1889ல அடிக்கல் நாட்டினது. அப்புறம் தெக்கால ஏரி. என்னைக் கேட்டா மொத்த ரவுண்டுலயும் ஏரிக்கரை துண்டு தான் பெஸ்ட், தண்ணிலேர்ந்து காத்து வரும், நீர்க்காகம் றெக்கைய விரிச்சு காய வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும். உள்ள ஒரு பழைய இலவ மரம் இருக்கு, வேர் ஒவ்வொண்ணும் ஒரு ஆளே மறையற ஒயரம். நம்ம விழுப்புரம் பக்கத்து திருவக்கரைலேர்ந்து வந்த கல்மரத் துண்டும் (கல்லா மாறிப் போன பழங்கால மரம்) ஒண்ணு வெச்சிருக்காங்க, ஊர்க்காரங்க பாத்தா ஒரு ஹாய் சொல்லிட்டு வாங்க.

சரி, குறைக்கு வருவோம். லால்பாக்ல நாய்க்கு நோ என்ட்ரி, சைக்கிளும் கூடாது, விடியக்காலை வாக்கிங் நேரம் தாண்டிப் போனா டிக்கெட், சாயந்தரம் ஏழு மணி ஆச்சுனா விசில் ஊதி தொரத்திருவாங்க. கப்பன்ல டிக்கெட்டே கிடையாது, நாய்க்குனு தனியா ஒரு பார்க்கே உள்ள இருக்கு, புல்லுல பெட்ஷீட் விரிச்சு புக்கு படிக்கற கும்பல், கிட்டார் கும்பல்னு ஜாலியா இருக்கும். இருபத்தஞ்சு வயசுல இருக்கறவங்க கப்பன் தான்னு அடிச்சு சொல்லுவாங்க, தப்பும் இல்ல. ஆனா அது நடக்கறதுல சேராது, திரியறதுல சேரும், ஸ்டெப்ஸ் கணக்கு பாக்கறவனுக்கு ஆகாது.

பூ பாக்கணும்னா பிப்ரவரி மார்ச்ல கப்பன். டபெபூயா பூத்து மரம் முழுக்க ரோஸ் கலர், இலையே தெரியாது, கீழ நடக்கற பாதையும் அதே கலர்ல கெடக்கும். அந்த ஒரு சீசனுக்கு மட்டும் கட்சி மாறிக்குவேன்.

மெட்ரோ ரெண்டுக்கும் இருக்கு, லால்பாக்குக்கு க்ரீன் லைன், கப்பனுக்கு பர்ப்பிள். ஞாயித்துக்கிழமை மெட்ரோ லேட்டா தான் ஆரம்பிக்கும், அன்னைக்கு சீக்கிரம் போகணும்னா ஆட்டோ தான், பேரம் உங்க சாமர்த்தியம்.

டிபன்லயும் லால்பாக் தான் ஜெயிக்குது. மெயின் கேட் பக்கம் வெளில வந்தா எம்டிஆர், கொஞ்சம் தள்ளி காந்தி பஜார்ல வித்யார்த்தி பவன், நடந்து எரிச்ச கலோரி எல்லாத்தையும் ஒரே மசால் தோசைல திருப்பி வாங்கிக்கலாம். எம்டிஆர் திங்கக்கிழமை லீவு, வித்யார்த்தி வெள்ளிக்கிழமை லீவு, பாத்துப் போங்க. கப்பன் பக்கம்னா லாவெல் ரோட்டுல ஏர்லைன்ஸ் ஹோட்டல், மரத்தடில ஒக்காந்து காபி, அதுவும் மோசமில்ல.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்கனா யோசிக்காம லால்பாக் கூட்டிட்டுப் போங்க, மெட்ரோ பக்கத்து வெஸ்ட் கேட்ல நுழைஞ்சு ஏரிக்கரை வரைக்கும் போய்ட்டு வந்தாலே அவங்களுக்கு போதும், வழியெல்லாம் ஒக்கார பெஞ்சு இருக்கு. சின்னப் பசங்க இருந்தா கப்பன், பால பவன் இருக்கு. ஒண்ணே ஒண்ணு, குடியரசு தினம் சுதந்திர தினத்த ஒட்டி லால்பாக்ல மலர்க் கண்காட்சி நடக்கற நாள்ல வாக்கிங்னு அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க, கேட் உள்ள போறதுக்கே ஒரு மணி நேரம் ஆயிரும், அது முடியற வரைக்கும் கப்பன்லயே ஓட்டிக்கோங்க.