ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் 4: யாருக்குச் சரிப்படும், யாருக்கு வேண்டாம்

டியூப் ஆம்ப் (கண்ணாடி வால்வுகளை வைத்துச் சத்தத்தைப் பெருக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம் என்று இருக்கிறேன், கையில் காசு அளவாகத்தான் இருக்கிறது என்று யார் சொன்னாலும் அடுத்த நிமிடமே ப்ளூஸ் ஜூனியர் பெயர் வந்துவிடும். 1995-ல் வந்த மாடல், அதன் நான்காவது பதிப்பு வந்தது 2018-ல். இத்தனை வருடம் ஓடுகிறது என்றால் நல்ல ஆம்ப்தான், அதில் வாதமே இல்லை. என்னிடமும் அதுதான் இருக்கிறது, கூடவே ஒரு ஸ்ட்ராட் கிட்டார், ஹம்பக்கர் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) போட்ட இன்னொரு கிட்டார். பிடித்துப்போய்த்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் வாங்கலாமா என்று கேட்கிற நிறையப் பேரிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் அவர்கள் எல்லாரும் டோனைப் பற்றித்தான் கேட்கிறார்கள், எவ்வளவு சத்தத்தில் வாசிக்கப்போகிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை.

15 வாட்தானே, படுக்கையறைக்குப் போதும் என்கிறார்கள். டியூப் ஆம்பில் 15 வாட் என்றால் டிரம்ஸுக்கு ஈடுகொடுத்து நிற்கும். பாதியாக்கி ஏழரை வாட்டாக வைத்துக்கொண்டாலும் குறைவது வெறும் 3 டெசிபல்தான், பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு இதன் வால்யூம் நாப் தொடக்கத்திலேயே பாய்கிறது, ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவிலேயே பெரும்பாலான சத்தம் வந்துவிடும், அதற்குமேல் திருப்பினால் சத்தம் கூடுவதைவிட அழுக்குதான் (கரகரப்பு, அதாவது டிஸ்டார்ஷன்) கூடும்.

சரி, மாஸ்டர் வால்யூம் (கடைசியில் வெளிவரும் சத்தத்தை அடக்கும் இன்னொரு நாப்) இருக்கிறதே, அதைக் குறைத்துக்கொள்ளலாமே என்பார்கள். குறைக்கலாம். வால்யூமை எட்டில் வைத்து மாஸ்டரை ஒன்றரையில் வைத்தால் டிஸ்டார்ஷன் முழுக்க முன்பக்கத்து 12ஏஎக்ஸ்7 டியூப்களிலிருந்துதான் வரும், கடைசியில் நின்று ஸ்பீக்கரை ஓட்டுகிற இரண்டு ஈஎல்84 டியூபுக்கு வேலையே இருக்காது. அந்தச் சத்தம் டப்பாவுக்குள் அடைத்த தேனீ மாதிரி இருக்கும். இதையே தலைகீழாக வைத்துப் பாருங்கள், மாஸ்டரை முழுதாகத் திறந்துவிட்டு வால்யூமை மூன்றரை, நான்கு. இப்போதுதான் ஈஎல்84-கள் உழைக்கத் தொடங்கும். மெதுவாக மீட்டினால் க்ளீன் (கரகரப்பில்லாத சத்தம்), அழுத்தி மீட்டினால் லேசாகக் கரகரப்பு, கிட்டாரின் வால்யூம் நாப்பைக் குறைத்தால் மறுபடியும் க்ளீன். இந்த ஆம்புக்குக் காசு கொடுப்பதே இதற்காகத்தான். இந்தச் சத்தத்தில் வாரம் ஒருமுறையாவது வாசிக்க உங்களுக்கு இடம் கிடைக்குமா, ரிகர்சல் ரூமோ சர்ச்சோ மேடையோ? கிடைக்காதென்றால் போஸ் கட்டானா மாதிரி டியூப் இல்லாத ஒன்றை வாங்கிவிட்டுப் போங்கள், வீட்டுச் சத்தத்தில் அதுதான் நன்றாக ஒலிக்கும். டியூப் ரசிகர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

இடம் இருக்கிறது என்றால் அடுத்தது உங்கள் காதில் என்ன சத்தம் ஓடுகிறது என்பது. ஈஎல்84 என்றதும் வாக்ஸ் ஏசி15 நினைவுக்கு வரும், இரண்டிலும் அதே இரண்டு ஈஎல்84-கள், அதே 15 வாட். அதனால் இதிலும் வாக்ஸின் மணிச் சத்தம் வரும் என்று சிலர் வாங்கிவிட்டுத் தவிக்கிறார்கள். வராது. ஏசி15 கேத்தோடு பயாஸ் (பயாஸ் என்பது டியூபில் ஓடும் மின்னோட்டத்தை நிலைநிறுத்தும் முறை), அதில் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிச் சத்தத்தை அடக்கும் முறை) கிடையாது, டாப் பூஸ்ட் டோன் சர்க்யூட் வேறு. ப்ளூஸ் ஜூனியரோ ஃபிக்ஸட் பயாஸ், நெகட்டிவ் ஃபீட்பேக் உண்டு, அதனால் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக, அடக்கமாகப் பேசும். ரெக்டிஃபையரும் (ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் பகுதி) டியூப் இல்லை, டயோடுதான், ஆகவே பழைய ஆம்ப்களில் அழுத்தி மீட்டும்போது உள்ளே அமுங்கி மேலே வருகிற அந்த உணர்வு இதில் குறைவு. இன்னொரு பக்கம் ட்வின் ரிவர்ப் மாதிரி நடு அதிர்வெண் குழிந்த, பளபளவென்ற ஃபெண்டர் க்ளீனும் இது கிடையாது. அது 85 வாட், நான்கு 6எல்6 டியூப், சத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் கரகரக்காமல் மலை மாதிரி அசையாமல் நிற்கிற ஆம்ப். ஜூனியரில் மிட் (அந்த நடு அதிர்வெண்) கொஞ்சம் தூக்கலாக இருக்கும், சீக்கிரமே உடையும், அதாவது சத்தம் கரகரக்கத் தொடங்கும். ப்ளூஸ், பழைய ராக், கண்ட்ரி வாசிப்பவருக்கு இது வரம். உடையாத ஜாஸ் க்ளீனை டிரம்ஸுக்கு மேல் கேட்க வேண்டும் என்பவருக்குத் தலைவலி. மெட்டல் வாசிப்பவர் பக்கத்திலேயே போகவேண்டாம், ஒரே சேனல், அவ்வளவு கெயினும் (கரகரப்பைக் கூட்டும் பெருக்கமும்) கிடையாது.

ஃபேட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. மிட்டையும் கெயினையும் ஒருசேரத் தூக்கும். ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ் பிக்கப் குத்துகிறது என்றால் இதைப் போட்டதும் சதை பிடிக்கும், எனக்கு ரொம்பப் பிடித்த சத்தம் அது. ஹம்பக்கரில் போட்டால் சேறுதான், அணைத்தே வையுங்கள்.

நான்காவது பதிப்பில் 12 இன்ச் செலஸ்டியன் ஏ-டைப் ஸ்பீக்கர். ட்ரெபிள் பக்கம் காதை உறுத்தாது, சமச்சீரான ஸ்பீக்கர். ஆனால் பெட்டி சிறியது, பின்பக்கம் திறந்தது, அதனால் ஒரு பெட்டிச் சத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், இதை மறைக்க முடியாது. தரையில் வைத்தால் அடிச் சத்தம் (பேஸ்) கூடும், நாற்காலியில் ஏற்றினால் தெளிவு கூடும். 14 கிலோ சொச்சம்தான் எடை, ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம், 20 கிலோவுக்கு மேல் இருக்கும் ஏசி15-ஐ அப்படித் தூக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் ரிவர்ப் (அறைக்குள் ஒலிப்பதுபோன்ற எதிரொலி) அசல், முந்தைய பதிப்பைவிட மென்மையாக இறங்குகிறது. ட்ரெமலோ (சத்தம் அலையலையாக ஏறி இறங்கும் எஃபெக்ட்) கிடையாது. எஃபெக்ட்ஸ் லூப்பும் (ஆம்பின் கரகரப்புக்குப் பிறகு பெடலைச் சேர்க்கும் வழி) கிடையாது, ஆகவே டிலே (வாசித்ததைத் திரும்ப ஒலிக்கும்) பெடலை முன்னால்தான் செருகவேண்டும். ஆம்பை க்ளீனாக வைத்துப் பெடலில் உடைப்பவருக்கு அதனால் நஷ்டமில்லை, ஆம்பையே உடைத்து வாசிப்பவருக்கு டிலே குழம்பிப்போகும். ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்கள் (மிட்டைத் தூக்கிக் கரகரப்பு தருபவை) எல்லா ஆம்புக்கும் பொருந்தும் என்று ஒரு பேச்சு உண்டு. மிட் ஏற்கெனவே தூக்கலான இந்த ஆம்பில் அது மிட்டுக்கு மேல் மிட், வாங்குமுன் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது சொந்தக் கிட்டாரையும் பெடலையும் எடுத்துப்போங்கள், கடையிலுள்ள விலை உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்பும் இனிக்கும். முதலில் பெடல் இல்லாமல், கேபிளை நேரே ஆம்பில் செருகி வாசியுங்கள். இன்னொன்று, ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்து இருக்கும்போது மேலே நின்றுகொண்டு கேட்டால் மந்தமாகத்தான் தெரியும், ட்ரெபிளை ஏற்றிவிடுவீர்கள், பிறகு மேடையில் முன்வரிசைக்காரர் காதைப் பொத்துவார். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, காதை ஸ்பீக்கர் உயரத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் மாஸ்டரைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரமாவது வாசிக்காமல் முடிவெடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு சீக்கிரம் உடைகிறது, இன்னும் க்ளீன் வேண்டும் என்று தோன்றினால் ஆம்பையே விற்க வேண்டாம். முதல் 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் 5751 போடலாம், பெருக்கும் அளவு 100-லிருந்து 70-க்கு இறங்கும், 12ஏஒய்7 போட்டால் 45 பக்கம். சாக்கெட் அதேதான். பாய்கிற வால்யூம் நாப்பும் இதனால் கொஞ்சம் அடங்கும். ஈஎல்84 மாற்றும்போது ஜோடி பொருத்திய டியூபாக வாங்குங்கள், இதில் பயாஸைத் திருகிச் சரிசெய்ய வசதி இல்லை. டியூப் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சர்க்யூட்டில் கைவைக்க வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கபாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கலாம்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ அத்தையோ விலை குறைவென்று அங்கே வாங்கிக் கொடுத்தனுப்புகிறேன் என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அது 120 வோல்ட் ஆம்ப், நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், மலிவான டிராவல் அடாப்டர் ப்ளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ரிகர்சலுக்குப் போவதாக இருந்தால் எடை குறைவு என்று நான் மேலே சொன்னதையெல்லாம் அழித்துவிடுங்கள். பழையது வாங்கினாலும் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.