‘ஐந்நூறு’ என்று விற்கும் பழைய புல்லட் எஞ்சின்: வாங்கலாமா?

ரசனைக்கேற்ப மாற்றிக் கட்டிய கஸ்டம் பாபர், கஃபே ரேசர் வண்டிகளிலிருந்து இறக்கி விற்கப்படும், காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) பிளாக் அதாவது சிலிண்டர் கொண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட் எஞ்சினைப் பற்றிய விமர்சனம் இது. சென்னைப் புதுப்பேட்டை பழைய உதிரிபாகச் சந்தை மாதிரி இடத்தில் தரையில் கிடந்தாலும் சரி, ஓடும் வண்டியில் இருந்தாலும் சரி, விற்பவர் சொல்வது ஒன்றுதான்: “சார், இது 500. ரீபோர் பண்ணியாச்சு, ஒரு வேலையும் இல்ல.” 500 என்பது சிசி, அதாவது எஞ்சினின் கொள்ளளவு; ரீபோர் என்பது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிய பிஸ்டன் போடுவது. சரக்கு நல்ல சரக்கு. எளிய கட்டமைப்பு, பாகம் தட்டுப்பாடு இல்லை, நல்ல லேத் இருந்தால் எதையும் சரிசெய்யலாம். சொல்லும் எண்ணைத்தான் நம்பக்கூடாது. கஸ்டம் வண்டியில் டேங்க் ஸ்டிக்கர், சைடு கவர், கார்புரேட்டர் எல்லாமே மாற்றப்பட்டிருக்கும். 350-க்கு விஎம்24 மிக்கார்ப், 500-க்கு விஎம்28 என்பது கம்பெனி கணக்கு. கார்புரேட்டரை மாற்ற அரை மணி நேரம் போதும் என்பதால் அது சாட்சி ஆகாது.

குழப்பத்துக்கு முதல் காரணம் ராயல் என்ஃபீல்டின் அளவுகளே. 350, 500 இரண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம், 90 மில்லிமீட்டர். சிலிண்டரின் உள்விட்டமான போர்தான் வேறு: 70 என்றால் 346 சிசி, 84 என்றால் 499. காஸ்ட் அயர்னுக்குப் பின் வந்த ஏவிஎல், அதற்கும் பின் வந்த யூசிஇ எஞ்சின்களிலும் இதே கணக்குதான். 2020-இல் மீட்டியோர் வண்டியோடு வந்த ஜே சீரிஸ் எஞ்சினில்தான் அது 72-க்கு 85.8 என்று மாறி 349 ஆனது. ஆகவே பிளக் துளையில் கம்பி விட்டு பிஸ்டன் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்ப்பதில் பயனில்லை. 350-ம் அதே தூரம்தான் இறங்கும். போதாக்குறைக்குப் பிளக் துளை சாய்வாக இருப்பதால் கம்பி காட்டும் அளவும் தப்பு.

சிசியைத் தேடும் முன் எஞ்சின் எந்தக் குடும்பம் என்று பார்க்க வேண்டும். ஒரு சின்னக் காந்தம் போதும். பிளாக்கைச் சுற்றி வெளியே நீட்டியிருக்கும் தகடான ஃபின்னில் ஒட்டினால் காஸ்ட் அயர்ன். ஒட்டாமல், கியர்பாக்ஸ் தனிப் பெட்டியாக இருந்தால் பெரும்பாலும் ஏவிஎல். அயர்ன் பிளாக்கைக் கழற்றிவிட்டு அலுமினியம் பிளாக் போட்ட கஸ்டம் எஞ்சினும் உண்டு என்பதால் ‘பெரும்பாலும்’ என்கிறோம். கிராங்க் கேஸும் (எஞ்சினின் அடிப்பெட்டி) கியர்பாக்ஸும் ஒரே வார்ப்பாக இருந்தால் யூசிஇ. காஸ்ட் அயர்னில் பிளாக்குக்குப் பின்னால் வலப்பக்கம் பாயின்ட் பெட்டி (பிளக்குக்கு மின்பொறி நேரம் தருவது) நிற்கும், பிளாக்கின் அடியில் டேப்பட் (வால்வைத் தூக்கும் பாகம்) சரிசெய்யத் தனி மூடி இருக்கும். யூசிஇ-யில் ஹைட்ராலிக் டேப்பட், சரிசெய்யும் வேலையே கிடையாது.

பிளாக்கின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற விற்பவர் சம்மதிக்க மாட்டார். அதன் மேலிருக்கும் ராக்கர் மூடியைத் திறக்கச் சம்மதித்தால் அதுவே போதும், ஆயிலை வைத்து சிசியை அளந்துவிடலாம். ஒரு லிட்டர் 20டபிள்யூ50 ஆயில், அளவுக் குடுவை, பெரிய சிரிஞ்ச் கொண்டுபோங்கள். இரண்டு ராக்கர் பிளாக்கையும் கழற்றி, வால்வைத் திறக்க ராக்கரைத் தள்ளும் புஷ் ராடுகளை உருவிவிடுங்கள். இப்போது பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் எப்படிச் சுற்றினாலும் இரண்டு வால்வும் மூடியே இருக்கும். இதைச் செய்யாமல் அளந்தால் பிஸ்டன் கீழே போகும்போது ஒரு வால்வு திறந்து ஆயில் அந்த வழியே போய்விடும், எண் பொய்யாகும். பிளக் துளை மேல் நோக்கி நிற்கும்படி எஞ்சினைச் சாய்த்து முட்டுக்கொடுங்கள். அதன்பின் சாய்வை மாற்றக்கூடாது. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து துளையின் கடைசி மரைவரை ஆயில் ஊற்றுங்கள். இந்த ஆயிலை அளக்கத் தேவையில்லை. பிறகு கிராங்கை மெதுவாக அரைச் சுற்று சுற்றிப் பிஸ்டனை அடிக்கு இறக்கி, அதே மரைவரை மீண்டும் ஊற்றுங்கள். இரண்டாவது முறை ஊற்றிய ஆயில் எத்தனை மில்லியோ, அதுதான் சிசி. உச்சியிலும் அடியிலும் பிஸ்டன் நகர்வு மிகக் குறைவு என்பதால் சில டிகிரி பிசகினாலும் கணக்கு கெடாது. மேலே சிக்கிய காற்றுக்குமிழி இரண்டு முறையும் ஒரே அளவில் இருப்பதால் அதுவும் கழிந்துவிடும்.

பிஸ்டனின் தேய்ந்த ரிங் வழியே ஆயில் கசியும், அதனால் எண் சற்றுக் கூடுதலாகவே வரும். 346 வரவேண்டிய இடத்தில் 360 வரலாம், 499 வராது. 535-ஐ ஒட்டி வந்தால் 87 மி.மீ. பிஸ்டன் போட்ட எஞ்சின். 2013 கான்டினென்டல் ஜிடியின் போரும் அதுதான். அளந்து முடித்ததும் சிரிஞ்ச் வைத்து ஆயிலை உறிஞ்சி எடுங்கள். மிச்சம் இருக்கும்போது பிளக்கைப் போட்டு கிக்கரை மிதித்தால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையலாம். அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ஹெட்டைத் திறந்தே பார்க்க முடிந்தால் இந்த ஆயில் வித்தை எதுவும் வேண்டாம். உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளந்தால் ஆறு எண் கிடைக்கும். ரிங் தொடாத மேல் விளிம்புதான் கடைசி ரீபோரின் உண்மை அளவு. முன்பின் அளவுதான் முதலில் தேயும். வித்தியாசம் 0.10 மி.மீ. தாண்டினால் ‘ரீபோர் பண்ணியாச்சு’ என்பது பழைய கதை. பிஸ்டன் தலையில் 020, 040 என்று குத்தியிருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு, ஏறத்தாழ அரை மி.மீ., ஒரு மி.மீ. ஓவர்சைஸ். 350-ஐ 71 மி.மீ. வரை போர் போட்டாலும் 356 சிசிதான். ‘ரீபோரில் 400 ஆயிடுச்சு’ என்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். 040 வரை வந்துவிட்ட பிளாக்குக்கு அடுத்த முறை ஸ்லீவ் (உள்ளே புதுக் குழாய்) போடும் செலவு வரலாம் என்று வைத்தே விலை பேச வேண்டும்.

கஸ்டம் எஞ்சினில் பெரிய ஆபத்து 350 கேஸில் 500 பிளாக். ஸ்ட்ரோக் ஒன்று என்பதால் செய்துபார்க்கும் ஆசை வருகிறது. பெரிய பிளாக் உட்காரக் கிராங்க் கேஸின் வாயைக் கடைந்து அகலமாக்குவார்கள், சுவர் மெலிந்துபோகும். இலகுவான பிஸ்டனுக்கு பேலன்ஸ் செய்த 350 கிராங்க் கனமான பிஸ்டனைத் தூக்கும்போது அதிர்வு கூடி மவுன்டிங் போல்ட் தளரும். பிளாக் உட்காரும் இடத்தில் புதுக் கடைசல் தடமோ, கேஸ்கெட்டுக்கு மேல் தடித்த சிலிகான் பசையோ தெரிந்தால் அடுத்த எஞ்சினைப் பாருங்கள். ஆயில் எண் 499 என்றே வந்தாலும் இதை எடுக்கக்கூடாது.

கீழ்ப்பகுதியில் பார்க்க வேண்டியது பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் முனை. காஸ்ட் அயர்னில் அங்கே ரோலர் இல்லை, ஆயிலில் மிதந்து சுழலும் உலோக வளையமான மிதவை புஷ்தான். சுத்தமான ஆயில் இருந்தால் நெடுநாள் உழைக்கும், ஆயிலை வடிகட்டும் ஃபெல்ட் ஃபில்டரை மாற்றாமல் ஓட்டினால் சீக்கிரம் போய்விடும். பிளாக் கழன்றிருந்தால் கனெக்டிங் ராடை நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். ‘டக்’ என்று ஆடினால் கிராங்க் பிரிக்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு, அதைக் காட்டி விலை குறைக்கப் பார்ப்பது நியாயமில்லை.

புகையைப் பார்த்து உடனே ஒதுக்கவும் வேண்டாம். இந்த எஞ்சினின் ஆயில் தொட்டி கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே இருக்கிறது. வண்டி வாரக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாக மெல்ல ஃப்ளைவீல் பக்கம் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் நீலப்புகை அடித்துவிட்டு நின்றுவிட்டால் காரணம் இதுதான், ரிங் அல்ல. சூடான பிறகும் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் புகைந்தால் ரிங். ஏறிய வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி கொடுக்கும்போது மட்டும் குப்பென்று வந்தால் வால்வு கைடு (வால்வுத் தண்டு நகரும் குழல்). ஓடும்போது ராக்கர் ஆயில் குழாயின் போல்ட்டை அரைத் திருகு தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசியவில்லை என்றால் பம்போ குழாயோ அடைத்திருக்கிறது, ராக்கர் ஏற்கெனவே காய்ந்து தேய்ந்திருக்கும்.

எங்கள் கணிப்பில் சிசி மாற்றப்படாத, பாயின்ட் பெட்டியோடு கூடிய 350 எஞ்சின்தான் காசுக்கு ஏற்றது. உண்மையான 500 கிடைத்தால் கூடுதல் விலை தரலாம். திருவொற்றியூர் ஆலை 500 புல்லட்டைத் தயாரிக்கத் தொடங்கியது 1980-களின் கடைசியில்தான். எழுபதுகளின் ஆர்சி புக்கோடு அந்த ஆலையின் 500 எஞ்சின் வந்தால், அது பிறகு மாற்றிப் போட்டதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி அதற்கு ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் பதிவும் வேண்டும். கிராங்க் கேஸில் குத்திய எஞ்சின் எண்ணை ஈரத் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த கோடு தெரிந்தால் சிசி எதுவாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.