சேலம் புறநகரில் புது வீடு வாங்குகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஓமலூர் ரோடு, அயோத்தியாப்பட்டணம், மல்லூர், இரும்பாலை என்று சேலத்தை விட்டு எந்தப் பக்கம் போனாலும் லேஅவுட் வாசலில் ஒரே ஃபிளெக்ஸ்தான்: டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) அப்ரூவ்டு, வங்கிக் கடன் வசதி உண்டு. இந்த மூன்றில் எதுவும் பொய்யாக இருப்பது அரிது. ஆனால் மூன்றும் மனையைப் பற்றியவை. அதன்மேல் பெயின்ட் அடித்து நிற்கும் வீட்டைப் பற்றி அந்த போர்டு ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

ஒரு வீட்டைச் சொல்கிறோம். கட்டியவர் யார், எந்த நகர் என்பது இங்கே வேண்டாம். 1,200 சதுர அடி மனை, பத்துச் சதுரம் (1,000 சதுர அடி) கட்டடம், தரைத்தளம் மட்டும். குடிபோன பிறகு வந்த முதல் மழைக்காலத்திலேயே ஹால் தரை சமையலறைப் பக்கமாக இறங்கியது. ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து செங்கல் வரிசையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக வெடிப்பு ஓடியது. டைல்ஸைப் பெயர்த்தபோது அடியில் கை நுழையும் அளவுக்கு வெற்றிடம். அதற்கும் கீழே தோண்டினால் மண் இல்லை; செங்கல் உடைசல், சிமென்ட் சாக்கு, தென்னை மட்டை. பழைய பாசனக் கிணறு ஒன்றை மூடியிருக்கிறார்கள், அதன் விளிம்பு வீட்டின் குறுக்கே போகிறது. பத்திரத்தில் குறை இல்லை, லேஅவுட் அப்ரூவல் இருக்கிறது, வங்கியும் கடன் கொடுத்திருக்கிறது.

சேலம் பக்கத்து மானாவாரி, தோட்டக் காடுகளில் பாறையை வெட்டி இறக்கிய அகலமான கிணறுகள் நிறைய. காடு மனையாகும்போது முதலில் மூடப்படுவது கிணறுதான். ஊரில் இடிக்கும் கட்டடங்களின் கழிவெல்லாம் அதில் கொட்டப்படும், மேலே மூன்றடி கிராவல் பரப்பினால் மனை ரெடி. வீட்டின் ஒரு பாதி பாறைமேலும் மறு பாதி கொட்டிய குப்பைமேலும் நின்றால் ஒரு பக்கம் மட்டும் இறங்கும். எந்த பெல்ட் பீமும் அதைத் தாங்காது. கிணறு இருந்த மனையில் வீடே கட்டக்கூடாது என்றில்லை. கெட்டி மண் வரை பைல் எனப்படும் கான்கிரீட் தூண் இறக்கிக் கட்டலாம். ஆனால் விற்பதற்காகக் கட்டுகிறவர் யாரும் அந்தச் செலவைச் செய்வதில்லை.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தாய்ப்பத்திரத்தின் சொத்து விவரத்தைப் பொறுமையாகப் படியுங்கள். "மேற்படி நிலத்திலுள்ள கிணற்றில் பங்கு, மோட்டார், சர்வீஸ், மாமூல் வண்டித்தடப் பாத்தியம்" என்று எழுதியிருந்தால் அந்த சர்வே எண்ணில் கிணறு இருந்தது. எங்கே இருந்தது என்பதற்கு அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தைப் பாருங்கள். கிணறும் வாய்க்காலும் பல சமயம் அதில் குறித்திருக்கும். அடுத்தது கூகுள் எர்த். பழைய படங்களைக் காட்டும் கடிகாரக் குறியை அழுத்திப் பத்துப் பதினைந்து வருடம் பின்னால் தள்ளினால் கிணறு கறுப்பு வட்டமாகவோ சதுரமாகவோ தெரியும். லேஅவுட் வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால் எந்த மனை எண் என்பது வரை தெரிந்துவிடும். பக்கத்துக் காட்டில் மாடு மேய்ப்பவரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார், புரோக்கர் கூட இல்லாதபோது கேட்க வேண்டும்.

ஓடையும் இதே கதைதான். கன்னங்குறிச்சி, கொண்டப்பநாயக்கன்பட்டி, ஏற்காடு அடிவாரம் என்று சேர்வராயன் மலையை ஒட்டிய மனைகளில் மலைத்தண்ணீர் ஏரிகளுக்குப் போகும் பாதைகள் உண்டு. வெயில் காலத்தில் அவை வெறும் பள்ளம். புலப்படத்தில் ஓடை என்று போட்டிருந்து தரையில் தார் ரோடு இருந்தால், ஐப்பசியில் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி அப்ரூவல். லேஅவுட் அப்ரூவல் வேறு, கட்டட அனுமதி வேறு. உங்கள் மனை எண் போட்ட கட்டட அனுமதி ஆணையையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் கேளுங்கள். 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. சொந்த வீடு கட்டுகிறவருக்கு நல்ல வசதி. விலைக்கு வாங்குகிறவர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: அனுமதிக்கு முன் அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பதில்லை, பணிநிறைவுச் சான்றும் தேவையில்லை. ஆகவே வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று டேப் பிடித்து அளக்க வேண்டியவர் நீங்கள்தான். அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும், நிற்பது மாடி வீடு. வரைபடத்தில் பக்கவாட்டில் காலியிடம், நேரில் மதிலை ஒட்டிய சுவர். இவை இரண்டும்தான் அடிக்கடி கண்ணில் படுபவை. பிறகு மேலே கட்டவோ மறு கடன் வாங்கவோ போகும்போது விதிமீறல் உங்கள் தலையில் விழும்.

ரெரா எண் விஷயத்திலும் இதே கணக்குதான். போர்டில் உள்ள எண் லேஅவுட்டுடையதா, வீடுகளுடையதா என்று தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டுப் பாருங்கள். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ பதிவு தேவையில்லை என்பது சட்டம். 500 சதுர மீட்டர் என்பது 5,382 சதுர அடி. 1,200 அடி மனை நான்கு சேர்ந்தால் 4,800. அதனால்தான் நான்கு நான்கு வீடாக, ஒன்று அண்ணன் பெயரில், அடுத்தது மைத்துனர் பெயரில் என்று கட்டுகிறார்கள். எல்லாக் கட்டங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒரே மேஸ்திரி, ஒரே டிசைன், ஒரே விற்பனை அலுவலகம் என்று தெரிந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அப்ரூவல் இல்லாத மனையில் வீடு கட்டி, பழைய மனைதான், வரைமுறைப்படுத்திக்கொள்ளலாம் என்று விற்பவர்களும் உண்டு. அரசின் அந்த வரைமுறைப்படுத்தும் திட்டம் 20.10.2016க்கு முந்தைய மனைகளுக்கு. அந்தத் தேதிக்கு முன் அது மனையாகப் பதிவானதற்குப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட லேஅவுட் அப்ரூவல் என்று ஒன்று கிடையாது.

மற்ற ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், இவற்றை எல்லா வக்கீலும் பார்ப்பார். வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்குப் போடுங்கள். மனை எண்ணுக்கு மட்டும் போட்டால் பழையது வராது, தாய் சர்வே எண்ணுக்கும் போட வேண்டும். பட்டா விற்பவர் பெயரில் உட்பிரிவாகியிருக்க வேண்டும். ரோடும் பூங்கா இடமும் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போயிருக்க வேண்டும். பவர் ஏஜென்ட் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று வேண்டும். காமலாபுரம் விமான நிலையத்தைச் சுற்றியும், சேலம்–சென்னை புதிய சாலைக்கு அளந்த கிராமங்களிலும் நில எடுப்பு அறிவிக்கையில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வங்கி லீகல் பார்த்துவிட்டது என்பது வங்கிக்குத்தான் சமாதானம். உங்கள் பங்குப் பணத்தை அவர்கள் காப்பாற்ற மாட்டார்கள்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட்டைப் பிரித்துக் காட்டேஜ் விற்பது தனி விஷயம். அங்குள்ள கிராமங்கள் ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் வருபவை. கீழே செல்லும் கணக்கு மேலே செல்லாது.

கட்டடத்துக்கு வருவோம். விற்கும் வீட்டில் ஹாலைப் பார்ப்பது வீண், அங்கேதான் பட்டி இரண்டு கோட்டும் எமல்ஷனும் எல்லாவற்றையும் மூடியிருக்கும். பட்டி பார்க்காத இடங்களைத் தேடுங்கள்: லாஃப்டின் அடிப்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, மொட்டைமாடி ஹெட்ரூமின் உள்பக்கம், தண்ணீர்த் தொட்டி மேடை. அங்கே பூச்சைச் சாவியால் அழுத்திக் கீறுங்கள். லேசான கோடு விழுந்தால் சரி. மாவாக உதிர்ந்தால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். ஒன்று, பூச்சு மணலான பி சாண்டுக்குப் பதிலாக கிரஷர் டஸ்ட்டைப் போட்டுப் பூசியிருக்கிறார்கள். இல்லையென்றால் தண்ணீர் விடவில்லை. இப்போது பெரும்பாலும் போடுவது சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்; கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும், சேலத்து ஏப்ரல் வெயிலில் 14 நாள் நல்லது. லாரித் தண்ணீர் வாங்கிக் கட்டும் சைட்டில் மூன்றாம் நாளே பைப்பைச் சுருட்டிவிடுவார்கள்.

பில்லரின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஓரடி வரை, ஒட்டுப் போட்ட மாதிரி தெரிந்தால் உள்ளே ஜல்லி மட்டும் நின்று சாந்து இறங்காத பொத்தல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். சந்தேகமிருந்தால் கான்கிரீட்டின் பலத்தைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்டு ஹாமர் சோதனை செய்யும் இன்ஜினியரைக் கூட்டிப்போங்கள். வீட்டு விலைக்கு முன் அவர் கூலி ஒன்றுமில்லை. சோதிக்க விடமாட்டேன் என்று பில்டர் சொன்னால் செலவில்லாமலே பதில் கிடைத்துவிட்டது.

வெடிப்புகளில் எல்லாமே பயப்பட வேண்டியவை அல்ல. மேல்தளமும் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வரும் மயிரிழை வெடிப்பு வெயிலில் தளம் விரிவதால் வருவது. பில்லரும் செங்கல்லும் சேருமிடத்தில் மேலிருந்து கீழே நேராக வந்தால், பூசும்போது வலை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஏறினால், அதுவும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அகலத்தில் இருந்தால், அடித்தளம் இறங்குகிறது. அந்த வீட்டைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

தரையை ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டுங்கள். பேஸ்மென்ட் மண்ணை அரையடிக்கு ஒரு அடுக்காகக் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்திருக்க வேண்டும். மூன்றடியையும் ஜேசிபியில் ஒரே நாளில் தள்ளியிருந்தால் டைலுக்கு அடியிலிருந்து வெற்றுச் சத்தம் வரும், ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே இடைவெளி தெரியும். பாத்ரூமிலும் மொட்டைமாடியிலும் தண்ணீர் போகும் துளைகளைத் துணியால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு முழு நாள் விடுங்கள். மறுநாள் கீழ் அறையின் கூரையிலும், பாத்ரூமுக்கு வெளிச்சுவரிலும் ஓதம் தெரிகிறதா பாருங்கள்.

சுவிட்ச் போர்டு ஒன்றைக் கழற்றி ஒயரின்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒன்றரையை இழுத்துவிட்ட வீடுகள் ஏராளம். கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். மின் இணைப்பு இன்னும் கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பாகவே இருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள். அதை வீட்டு இணைப்பாக மாற்றித் தருவதை அக்ரிமெண்டில் எழுதாவிட்டால் 100 யூனிட் இலவசமும் கிடையாது, ஒவ்வொரு பில்லும் கையைக் கடிக்கும்.

தண்ணீரைப் பற்றிப் பில்டர் சொல்வது ஆழத்தை மட்டும். எண்ணூறு அடி போர் என்றால் எண்ணூறு அடி துளை, அவ்வளவுதான். மோட்டாரை விடாமல் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு ஒரு டிரம் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று ஆரம்பத்திலும் கடைசியிலும் பாருங்கள், அதையும் சித்திரை வைகாசியில் பார்த்தால்தான் கணக்கு. ஒரே போரை நான்கு வீட்டுக்குப் பிரித்திருந்தால் யார் மனையில் இருக்கிறது, கரண்ட் பில் யார் கட்டுவது என்று பத்திரத்தில் வர வேண்டும். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்திருக்கும் உப்பின் அளவான டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 2,000 கடைசி எல்லை. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. சேலம் மாவட்டத்தில் இதைப் பார்க்காமல் விடவே கூடாது. 1,200 அடி மனையில் போரும் செப்டிக் டேங்கும் ஒன்றையொன்று பார்த்தபடிதான் இருக்கும். பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போருக்கு எவ்வளவு பக்கம் என்பதையும் சேர்த்து அளங்கள். அந்த டேங்கும் அடியில் கான்கிரீட் போட்டதா, வெறும் உறை இறக்கியதா என்று மூடியைத் திறந்து பாருங்கள்.

பணம். மனையை மட்டும் வழிகாட்டி மதிப்பில் கிரையம் செய்துவிட்டு, வீட்டுக்கு வெறும் முத்திரைத்தாளில் பதிவு செய்யாத கட்டுமான ஒப்பந்தம் போடுவார்கள். 7 சதவீத முத்திரைத்தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் மிச்சம் என்பார்கள். நாளை வழக்கென்று வந்தால் நீங்கள் வாங்கியது காலி மனை என்றுதான் காகிதம் பேசும். ரெராவுக்குள் வரும் திட்டத்தில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கைமாறினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கிக்கொண்டவருக்கு அதே தொகை அபராதம். கொடுத்த உங்களிடம் ரசீது இருக்காது. சதுர அடிக் கணக்கில் போர்டிகோ, ஹெட்ரூம், சம்ப் எல்லாம் முழு விலையில் நுழைந்திருக்கும், பிரித்து எழுதச் சொல்லுங்கள். பிராண்டட் டைல்ஸ் என்று எழுதினால் போதாது. கம்பெனி, அளவு, சதுர அடி விலை மூன்றும் வேண்டும்.

சாவி கொடுக்கும் நாளில் "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு கடிதத்தை நீட்டுவார்கள். அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். குறைகளை அறைவாரியாகப் பேனாவால் அதிலேயே எழுதி, "மேற்கண்டவை நிலுவை" என்று போட்டு ஒரு நகல் வாங்குங்கள். ரெராவில் பதிவான திட்டமானால் சாவி வாங்கிய 5 வருடத்துக்குள் வரும் கட்டுமானக் குறைகளை, நீங்கள் தெரிவித்த 30 நாளில் அவர்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் புலம்பாமல் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ரெராவுக்கு வெளியே உள்ள நான்கு வீட்டுக்காரர் என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கேயே போகலாம், பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். மனுவோடு வைக்க அந்தக் கைப்பட எழுதிய நகல், தபால் ஒப்புகை, தேதியுள்ள போட்டோ, ஒரு இன்ஜினியரின் அறிக்கை இருந்தால் போதும்.